உள்ளே நின்று வாதாடிய பத்ருத்தீன் தியாப்ஜி

 

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நள்ளிரவில் என் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு பையனைக் காவல்துறையினர் அழைத்துச் சென்றுவிட்டார்கள். பழக்கடையில் வேலை செய்யும் பிள்ளை. என்ன வழக்கு, என்ன குற்றம் என்று பெற்ற தாய்க்கே தெரியவில்லை. ஜமாஅத் தலைவர், செயலாளர், மூன்று பெரிய கடை முதலாளிகள், நான் என்று ஆறு பேர் காவல் நிலைய வாசலில் போய் நின்றோம்.

எங்களிடம் என்ன இல்லை? கார் இருந்தது. பணம் இருந்தது. ஊரில் மரியாதை இருந்தது. ஆனால், முதல் தகவல் அறிக்கையைக் கையில் கொடுத்தபோது அதைப் படித்து, இது ஜாமீன் கிடைக்கும் பிரிவா, கிடைக்காத பிரிவா என்று சொல்ல எங்கள் ஆறு பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஹிதாயாவில் நீதிபதிக்குரிய ஒழுக்கங்கள் என்ற பாடத்தை ஓதித் தேர்ந்தவன் நான். அந்த ஒரு தாளுக்கு முன்னால் எழுத்தறியாதவனைப் போல நின்றேன்! விடிந்த பிறகு சகோதர சமயத்தைச் சேர்ந்த ஒரு வக்கீல் வந்தார். பத்து நிமிடத்தில் விஷயத்தைப் புரிந்துகொண்டு, மாலைக்குள் பையனை வீட்டுக்கு அனுப்பி வைத்தார். அவர் நன்றாக இருக்கட்டும். ஆனால், எழுநூறு குடும்பங்கள் வாழும் எங்கள் மஹல்லாவில் ஒரு வக்கீல்கூட இல்லையே என்ற வேதனை அன்று முதல் என்னை விட்டு அகலவில்லை.

அந்த வேதனையோடு வரலாற்றைப் புரட்டியபோது கண்ணில் பட்டவர்தான் பத்ருத்தீன் தியாப்ஜி. பள்ளிக்கூட வினாடி வினாவில் அவருடைய பெயர் ஒரு வரியில் முடிந்துவிடும். காங்கிரசின் முதல் முஸ்லிம் தலைவர் யார்? பத்ருத்தீன் தியாப்ஜி. அவ்வளவுதான்! பாரிஸ்டராக, அரசியல் தலைவராக, நீதிபதியாக அவர் வாழ்ந்த வாழ்க்கையில் நமக்கு என்ன பாடம் இருக்கிறது என்று எவரும் சொல்லித் தருவதில்லை.

ஒரு வியாபாரியின் முடிவு

வணிகப் பெருமக்களே! முதலில் உங்களோடுதான் பேச வேண்டும். ஏனென்றால் இந்த வரலாறு ஒரு வியாபாரியிடமிருந்துதான் தொடங்குகிறது.

பத்ருத்தீன் 1844ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். தந்தை முல்லா தய்யிப் அலி, குஜராத்தின் காம்பே துறைமுக நகரைப் பூர்வீகமாகக் கொண்ட வியாபாரி. சுலைமானி போரா பிரிவைச் சேர்ந்த குடும்பம். அகீதாவில் நமக்கும் அவர்களுக்கும் வேறுபாடு உண்டு என்பதை நான் அறிவேன். இங்கே நாம் பேசுவது அகீதா பற்றி அல்ல. ஒரு தகப்பனின் தொலைநோக்கு பற்றி.

அந்தக் காலத்தின் நிலை என்ன? ஆட்சி கைமாறிவிட்டது. 1837இல் கம்பெனி அரசு பார்சி மொழியை அலுவல் மொழி என்ற இடத்திலிருந்து இறக்கிவிட்டது. மத்ரஸாவில் ஓதியவர்கள் கச்சேரியில் உத்தியோகம் பார்த்த காலம் மலையேறிக்கொண்டிருந்தது. ஆங்கிலம் படித்தால் ஈமான் போய்விடும் என்ற அச்சம் முஸ்லிம் வீடுகளில் குடிகொண்டிருந்தது. அந்த அச்சத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆண்டவன் என்று எண்ணி வந்தவனின் பள்ளிக்கூடம் அது. ஆனால் அச்சம் ஒரு சமுதாயத்தை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டால், வெளியே எழுதப்படும் சட்டம் நம்மைக் கேட்காமலே எழுதப்படும் அல்லவா?

அந்த வியாபாரி தன் பிள்ளைகள் அனைவரையும் ஐரோப்பாவுக்குப் படிக்க அனுப்பினார். பத்ருத்தீன் முதலில் மத்ரஸாவில் உருதும் பார்சியும் கற்றார். பிறகு எல்ஃபின்ஸ்டன் கல்விக்கூடத்தில் ஆங்கிலம் கற்றார். 1860இல் லண்டனுக்குக் கப்பலேறினார். சூயஸ் கால்வாய் வெட்டி முடிக்கப்படாத காலம் அது. 1869இல்தான் அது திறக்கப்பட்டது. கடிதம் போய்ச் சேரவே வாரக்கணக்கில் ஆகும். கடையில் உட்கார வைத்தால் நாளைக்கே லாபம் தரக்கூடிய பிள்ளையை, எப்போது திரும்புவான் என்று தெரியாத தூரத்துக்கு அனுப்பினாரே, அது என்ன நம்பிக்கை!

நம் முதலாளிமார்களிடம் பிள்ளையைச் சட்டம் படிக்க வையுங்கள் என்று கேட்டால் என்ன பதில் வருகிறது?

"என்ன ஹஜ்ரத், இவனும் படிக்கப் போயிட்டா கல்லாவுல யாரு உட்கார்றது?"

இந்தப் பதிலை நான் எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். கல்லாவில் உட்கார ஆள் வேண்டும்தான். ஆனால் பாய், கடையைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தால் யார் உட்கார்ந்து பதில் எழுதுவது? வரி அதிகாரி கணக்கைத் தூக்கிக்கொண்டு போனால் யார் போய் நிற்பது? வக்ஃபு நிலத்தில் ஒருவன் கல் நட்டால் யார் தடையுத்தரவு வாங்குவது? கல்லாவைக் காப்பாற்றவாவது ஒரு பிள்ளை கோர்ட்டுக்குப் போக வேண்டாமா?

மங்கிய கண்கள், மங்காத உறுதி

இளைஞர்களே! இனி உங்களுக்குரிய பாடம்.

பத்ருத்தீன் 1863இல் லண்டனின் மிடில் டெம்பிள் சட்டக் கழகத்தில் சேர்ந்தார். படிப்பு பாதியில் இருக்கும்போதே கண் பார்வை மங்கத் தொடங்கியது. 1864இன் இறுதியில் படிப்பை நிறுத்திவிட்டுப் பம்பாய்க்குத் திரும்ப நேர்ந்தது. சிறு வயதிலிருந்தே கண் நோய் உள்ளவர். பக்கம் பக்கமாகச் சட்டப் புத்தகம் படிக்க வேண்டிய தொழிலுக்குக் கண்ணே பகையாகி நின்றது. இனி போதும், வியாபாரத்தைப் பார்க்கலாம் என்று அவர் உட்கார்ந்திருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் 1865இல் மறுபடியும் கப்பலேறினார். 1867 ஏப்ரலில் பாரிஸ்டர் பட்டம் பெற்றார். அதே ஆண்டின் இறுதியில் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தொழில் தொடங்கினார். பம்பாயின் முதல் இந்திய பாரிஸ்டர் என்ற பெருமை அவருக்குக் கிடைத்தது.

அந்தப் பெருமையோடு ஒரு சுமையும் சேர்ந்தே வந்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் 1862இல்தான் ஏற்படுத்தப்பட்டது. அதன் அசல் வழக்குப் பிரிவில் கட்சிக்காரர் நேராக பாரிஸ்டரிடம் போக முடியாது. சொலிசிட்டர் என்பவர் வழக்கைத் தயார் செய்து பாரிஸ்டரிடம் ஒப்படைக்க வேண்டும். பாரிஸ்டர்கள் எல்லோரும் ஆங்கிலேயர்கள். கோடிக்கணக்கில் வியாபாரம் நடக்கும் நகரத்தில், தன் வழக்கை ஓர் இந்தியனிடம் கொடுக்க எத்தனை பேர் துணிவார்கள்? இங்கேதான் தந்தையின் திட்டம் பலன் கொடுத்தது. பத்ருத்தீனின் அண்ணன் கமருத்தீன் அதற்கு முன்பே இங்கிலாந்தில் சொலிசிட்டராகத் தேர்ச்சி பெற்றவர். அந்தத் தகுதியைப் பெற்ற முதல் இந்தியர். அண்ணன் சொலிசிட்டர், தம்பி பாரிஸ்டர்! ஒருவர் ஏறிய பிறகு அடுத்தவருக்குக் கை கொடுக்கும் குடும்பம். ஒரு சமுதாயம் எழும்புவதும் இப்படித்தான். தனியாக ஒருவன் ஏறினால் அது அவனுடைய அதிர்ஷ்டம். ஏறியவன் கை நீட்டினால் அது சமுதாயத்தின் எழுச்சி.

சம்பாத்தியத்தோடு நிற்கவில்லை

தொழிலில் கால் ஊன்றியதும் மனிதர் பொதுவாழ்வில் இறங்கினார். 1873இல் பம்பாய் நகராட்சி மன்றத்தில் உறுப்பினர். 1882இல் பம்பாய் சட்டமன்றத்தில் உறுப்பினர். நோயின் காரணமாக 1886இல் அந்தப் பதவியை விட்டு விலகினார்.

அதைவிட முக்கியமானது 1874இல் நடந்தது. கொங்கணிகள், மேமன்கள், கோஜாக்கள், போராக்கள் என்று பம்பாய் முஸ்லிம்கள் பிரிந்து கிடந்த காலத்தில், அண்ணன் கமருத்தீனோடும் மற்றவர்களோடும் சேர்ந்து அஞ்சுமனே இஸ்லாம் என்ற அமைப்பை நிறுவினார். அதன் நோக்கம் கல்வி. 1880இல் அதன் பள்ளிக்கூடம் தொடங்கியது. பம்பாய்க்குப் போகிறவர்கள் அங்குள்ள பெரிய ரயில் நிலையத்துக்கு எதிரே நிற்கும் அந்தக் கட்டடத்தைப் பார்க்கலாம். தொடங்கியவர்கள் மறைந்து நூறாண்டுக்கும் மேலாகிவிட்டது. அமைப்பு இன்றும் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஸதகத்துல் ஜாரியா என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு அதைக் காட்டலாம்.

1883இல் இல்பர்ட் மசோதா வந்தது. வெளியூர் நீதிமன்றங்களில் இந்திய நீதிபதிகளும் ஐரோப்பியர் மீதான குற்ற வழக்குகளை விசாரிக்கலாம் என்பதுதான் அதன் சாரம். கறுப்பு மனிதன் வெள்ளையனை விசாரிப்பதா என்று ஆங்கிலேயர்கள் கொதித்து எழுந்தார்கள். பம்பாய் டவுன் ஹாலில் நடந்த கூட்டத்தில் மசோதாவை ஆதரித்து பத்ருத்தீன் பேசினார். உடன் நின்றவர்கள் பார்சி சமயத்தைச் சேர்ந்த ஃபிரோஸ்ஷா மேத்தாவும், இந்து சமயத்தைச் சேர்ந்த காசிநாத் திரிம்பக் தெலாங்கும். மூவரும் வக்கீல்கள். இந்த மூவரும்தான் 1885இல் பம்பாய் மாகாண சங்கத்தை அமைத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் காங்கிரசின் முதல் மாநாட்டை பம்பாயில் வரவேற்று நடத்தியதும் அந்தச் சங்கம்தான்.

சென்னையில் ஒரு டிசம்பர் மாதம்

முதல் காங்கிரசுக்கு வந்த பிரதிநிதிகள் 72 பேர். அவர்களில் முஸ்லிம்கள் இரண்டே பேர்! இரண்டு ஆண்டுகள் கழித்து, 1887 டிசம்பரில் மூன்றாவது மாநாடு நம் சென்னையில், ஆயிரம் விளக்குப் பகுதியின் மக்கீஸ் கார்டனில் கூடியது. 600க்கும் மேற்பட்ட பிரதிநிதிகள். தலைமை நாற்காலியில் பத்ருத்தீன் தியாப்ஜி!

முஸ்லிம்கள் காங்கிரசை விட்டு ஒதுங்கி நிற்க வேண்டும் என்ற பேச்சு அப்போது பலமாக இருந்தது. தலைமையுரையில் அவர் அந்தக் கேள்வியை நேரடியாகவே எடுத்துக்கொண்டார். வரி, நிர்வாகம், உத்தியோகம், சட்டம் இவையெல்லாம் எல்லோருக்கும் பொதுவானவை. எல்லோருக்கும் பொதுவான நன்மைக்காக மற்ற சமுதாயங்களோடு சேர்ந்து உழைக்க முஸ்லிம்கள் ஏன் தயங்க வேண்டும் என்பதுதான் அவர் வைத்த வாதம்.

சென்னையில் மாநாடு நடந்துகொண்டிருந்த அதே நாட்களில், லக்னோவில் சர் சையத் அஹ்மத் கான் முஸ்லிம்கள் காங்கிரசில் சேரக்கூடாது என்று முழங்கினார். அவரும் சாதாரணமானவர் அல்ல. 1857க்குப் பிறகு நொறுங்கிக் கிடந்த சமுதாயத்துக்கு அலிகரில் கல்லூரி கட்டித் தந்தவர். எண்ணிக்கையை வைத்து எல்லாம் முடிவானால் சிறுபான்மையின் கதி என்ன என்பது அவருடைய கேள்வி. அந்தக் கேள்வி இன்றும் செத்துவிடவில்லை.

1888இன் தொடக்கத்தில் இருவருக்கும் கடிதப் போக்குவரத்து நடந்தது. பத்ருத்தீன் தந்த பதிலின் சாரம் இதுதான்: காங்கிரசின் ஏதாவது ஒரு கோரிக்கை முஸ்லிம்களுக்குத் தீங்கு என்றால், வெளியே நின்று கத்துவதால் அது நிற்காது. உள்ளே போய், அங்கே இருந்துகொண்டு, அதைத் தடுக்க வேண்டும். உள்ளிருந்து வேலை செய்வதே என் வழி.

இது வெறும் பேச்சா? இல்லை. 1888இல் அலகாபாத் மாநாட்டில் ஒரு விதி நிறைவேறியது. இந்துப் பிரதிநிதிகளோ முஸ்லிம் பிரதிநிதிகளோ ஒட்டுமொத்தமாக ஒரு பொருளை எதிர்த்தால், அது விவாதத்துக்கே எடுத்துக்கொள்ளப்படக் கூடாது என்பது அந்த விதி. பத்ருத்தீன் வற்புறுத்தி வாங்கிய பாதுகாப்பு அது. எண்ணிக்கையில் குறைந்தவர்கள் பேச்சுத் திறமையாலும் சட்ட அறிவாலும் ஒரு வேலியைக் கட்டிக்கொள்ள முடிந்தது. வாசலில் நின்று கோஷம் போட்டிருந்தால் இந்த விதி வந்திருக்குமா? சிந்தியுங்கள்!

உண்மையை மறைக்கக் கூடாது. அவருடைய வழி முழு வெற்றி பெறவில்லை. முஸ்லிம்களில் பெரும் பகுதியினர் விலகி நிற்பதைக் கண்ட அவர், 1888 அக்டோபரில் ஹியூமுக்கு எழுதிய கடிதத்தில், காங்கிரசைச் சில ஆண்டுகள் ஒத்தி வைக்கலாமே என்றுகூட யோசனை சொன்னார். தன் சமுதாயத்தை விட்டுவிட்டுத் தான் மட்டும் மேடையில் உட்கார்ந்திருப்பதில் அவருக்குச் சந்தோஷம் இல்லை. பதவியும் பொன்னாடையும் கிடைத்துவிட்டால் சமுதாயத்தை மறந்துவிடும் அரசியல்வாதிகளைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதுமையாகத்தான் தெரியும்.

அந்த ஜாமீன்

1895இல் பத்ருத்தீன் பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதியானார். அந்த இருக்கையில் அமர்ந்த முதல் முஸ்லிம். 

1897. பம்பாய் மாகாணத்தில் பிளேக் நோய் தலைவிரித்தாடுகிறது. புனாவில் பிளேக் அதிகாரி ராண்டு சுட்டுக் கொல்லப்படுகிறார். தம் கேசரி பத்திரிகையில் எழுதியவற்றுக்காக பால கங்காதர திலகர் மீது ராஜதுரோக வழக்கு. ஜூலை இறுதியில் கைது. மாஜிஸ்திரேட் ஜாமீன் மறுத்தார். உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் பார்சன்சும் ரானடேயும் மறுத்தார்கள். ரானடே யார்? திலகரின் சொந்த மகாராஷ்டிரத்தின் மாபெரும் அறிஞர். அவர் அமர்ந்திருந்த அமர்விலும் கதவு திறக்கவில்லை.

ஆகஸ்ட் 4ஆம் நாள் விண்ணப்பம் நீதிபதி பத்ருத்தீன் தியாப்ஜியின் முன் வந்தது.

சகோதரர்களே, அந்த நேரத்தை நினைத்துப் பாருங்கள். 1893இல் பம்பாயில் இந்து முஸ்லிம் கலவரம் நடந்து நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. முஹர்ரம் ஊர்வலங்களில் கலந்துகொண்டிருந்த இந்துக்களைப் பொது விநாயகர் விழாவின் பக்கம் திருப்பியதில் திலகருக்குப் பங்கு உண்டு. முஸ்லிம்களுக்கு அவர் மீது மனக்குறை இருந்தது. இன்னொரு பக்கம், ஆட்சியாளர்கள் திலகரை உள்ளே வைத்திருக்கவே விரும்பினார்கள். ஜாமீனை மறுத்துவிட்டால் அரசாங்கத்துக்கும் சந்தோஷம், சமுதாயத்திலும் எவரும் கேட்கப் போவதில்லை. இதைவிட வசதியான சந்தர்ப்பம் உண்டா?

பத்ருத்தீன் ஜாமீன் வழங்கினார்!

குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. விசாரணைக்கு வருவார் என்ற உறுதி இருக்கிறது. சிறையில் வைத்தால் அவரால் வழக்கைத் தயார் செய்ய முடியாது. கடைசியில் குற்றமற்றவர் என்று தீர்ப்பானால் சிறையில் கழிந்த நாட்களை யார் திருப்பித் தருவது? இப்படித்தான் அவருடைய நியாயம் போயிற்று. பிறகு நடந்த விசாரணையில் ஜூரிகளில் ஆறு ஐரோப்பியர்கள் குற்றவாளி என்றார்கள். மூன்று இந்தியர்கள் குற்றவாளி அல்ல என்றார்கள். திலகருக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. அது வேறு நீதிபதியின் தீர்ப்பு. ஆனால் பத்ருத்தீன் தம் கடமையைச் செய்துவிட்டார். ஒரு கூட்டத்தார் மீதுள்ள மனக்கசப்பு நீதியைக் கோணலாக்கிவிடக் கூடாது என்பது நாம் தொழுகையில் ஓதும் வேதத்தின் கட்டளை. மிம்பரில் நின்று அதை எடுத்துச் சொல்வது எங்களைப் போன்றவர்களுக்கு எளிது. நாற்காலியில் உட்கார்ந்து அதன்படி தீர்ப்பு எழுதுவதுதான் கடினம்.

எவ்வளவு கடினம் என்பதற்கு இன்னொரு செய்தி. அன்று திலகருக்காக எழுந்து நின்று ஜாமீன் கேட்டு வாதாடிய பாரிஸ்டர் தின்ஷா தாவர். பதினோரு ஆண்டுகள் கழித்து, 1908இல் திலகர் மீது மறுபடியும் ராஜதுரோக வழக்கு. இப்போது தாவரே நீதிபதி! அதே திலகருக்கு அவர் ஜாமீன் மறுத்தார். ஆறு ஆண்டு நாடு கடத்தல் தண்டனையும் விதித்தார். நாற்காலி மனிதனை மாற்றிவிடும். மாறாமல் இருப்பவன்தான் மனிதன்.

பெண் மக்கள்

1903இல் பம்பாயில் கூடிய முஹம்மதியக் கல்வி மாநாட்டுக்கு பத்ருத்தீன் தலைமை வகித்தார். அது சர் சையத் தொடங்கிய மாநாடு. அரசியலில் எதிர் எதிராக நின்றவர்கள் கல்வி என்று வந்ததும் ஒரே மேடைக்கு வந்தார்கள். நம் ஊரில் இரண்டு அமைப்பினர் ஒரே கல்யாண மண்டபத்தில் உட்காரவே தயங்குகிறார்களே, அவர்கள் காதில் இது விழட்டும்.

பெண் கல்விக்காக அவர் உரத்துக் குரல் கொடுத்தார். தம் பெண் மக்களையும் படிக்க வைத்தார். பர்தா பற்றி அவர் சொன்ன கருத்துகளில் எனக்கு உடன்பாடு இல்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் பர்தாவோடு ஒரு பெண் வக்கீலாகக் கூடாது என்று எந்தக் கிதாபில் இருக்கிறது? நம் சகோதரி ஒருத்தி தலாக், ஜீவனாம்சம், வாரிசுரிமை என்று நீதிமன்றம் ஏறும்போது, அவள் மனம் திறந்து பேச நம்மில் ஒரு பெண் வக்கீல் இருந்தால் எவ்வளவு ஆறுதல்! 1989இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக உயர்ந்தவர் கேரளத்தின் பத்தனம்திட்டாவில் பிறந்த பாத்திமா பீவி. நம் சமுதாயத்துப் பெண்மணி. பின்னாளில் தமிழகத்தின் ஆளுநராகவும் இருந்தவர். வழி ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. நடக்கத்தான் ஆள் வேண்டும்.

1902இல் பத்ருத்தீன் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் தற்காலிகத் தலைமை நீதிபதியாகப் பொறுப்பேற்றார். அங்கே அந்தப் பொறுப்பில் அமர்ந்த முதல் இந்தியர். நிரந்தரமான இந்தியத் தலைமை நீதிபதி வர 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது வந்தவரும் பாரிஸ்டர் எம்.சி. சாக்ளா என்ற முஸ்லிம்தான். 1906 ஆகஸ்டில், விடுமுறையில் லண்டன் சென்றிருந்தபோது பத்ருத்தீன் தியாப்ஜி மரணம் அடைந்தார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். அவருடைய அண்ணன் மகன் அப்பாஸ் தியாப்ஜியும் பாரிஸ்டர், பரோடா சமஸ்தானத்தின் நீதிபதி. ஓய்வு பெற்ற பிறகு, 1930இல், எழுபத்தாறு வயதில் உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றார். ஒரு விதை எத்தனை கிளை விட்டது பாருங்கள்!

நமக்கு என்ன வேலை?

இனி நம் காலத்துக்கு வருவோம். தடா 1985இல் வந்து 1995இல் காலாவதியானது. பொடா 2002இல் வந்து 2004இல் நீக்கப்பட்டது. யுஏபிஏ என்ற சட்டம் இருக்கிறது. 2008இல் செய்யப்பட்ட திருத்தத்தால் அதில் ஜாமீன் பெறுவது மலையைப் புரட்டுவது போலாகிவிட்டது. விசாரணை முடியாமலே ஆண்டுக்கணக்கில் உள்ளே கிடந்து, பிறகு நிரபராதி என்று வெளியே வந்தவர்களின் செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். விசாரணை நீண்டுகொண்டே போனால் இந்தச் சட்டத்தின் கீழும் அரசியல் சாசன நீதிமன்றம் ஜாமீன் தரலாம் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்ருத்தீன் 1897இல் கேட்ட கேள்விதான் இங்கும் நிற்கிறது: போன நாட்களை யார் திருப்பித் தருவது?

இதற்காகக் கண்டனப் பொதுக்கூட்டம் நடத்துகிறோம். ஆர்ப்பாட்டம் செய்கிறோம். நானும் மேடையேறிப் பேசுகிறவன்தான், அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கூட்டம் கலைந்த பிறகு மனுவை எழுதுகிறவன் யார்? வாய்தாவுக்கு வாய்தா நின்று பார்க்கிறவன் யார்? தெருவில் ஆயிரம் பேர் வேண்டும், கோர்ட்டுக்குள் ஒருவனாவது வேண்டும். ஆயிரம் பேரை நாம் சேர்த்துவிட்டோம். அந்த ஒருவனைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்.

தம்பிகளே! லண்டனுக்குக் கப்பலேற வேண்டிய அவசியம் இன்று இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தால் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு. பட்டம் பெற்றிருந்தால் மூன்றாண்டு. நம் மாநிலத்தில் அரசு சட்டக் கல்லூரிகள் இருக்கின்றன, அங்கே கட்டணமும் தாங்கக் கூடியதுதான். ஏழாண்டு வக்கீல் தொழில் செய்தவர் மாவட்ட நீதிபதி பதவிக்கு நேரடியாக வரலாம். பத்தாண்டு உயர் நீதிமன்றத்தில் தொழில் செய்தவர் அங்கே நீதிபதியாக நியமிக்கப்படத் தகுதி பெறுகிறார். சிவில் நீதிபதி தேர்வு எழுத மூன்றாண்டு தொழில் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அந்த மூன்றாண்டுதான் ஏழைப் பிள்ளைக்குக் கண்டம். படித்து முடித்துவிட்டான், கறுப்பு அங்கியும் மாட்டிவிட்டான். ஆனால் சீனியரிடம் ஜூனியராக இருக்கும் காலத்தில் பஸ் செலவுக்குக்கூடப் பற்றாது. வீட்டில் தங்கைக்குக் கல்யாணம் காத்திருக்கிறது. விசா வந்தால் அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு வளைகுடாவுக்கு விமானம் ஏறிவிடுகிறான். இப்படிப் போன இரண்டு பிள்ளைகளை எனக்கே தெரியும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. நாம்தானே கைவிட்டோம்!

ஆகவே வணிகப் பெருமக்களே, உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு மஹல்லாவிலும் ஐந்து வியாபாரிகள் சேர்ந்து ஒரு பிள்ளையை ஏற்றுக்கொள்ளுங்கள். படிப்புக் காலத்தோடு நிறுத்திவிடாமல், தொழில் தொடங்கிய பிறகு மூன்றாண்டுகளுக்கு மாதம் ஒரு தொகையை அவனுக்கு ஒதுக்குங்கள். ஒரு கல்யாணத்தின் பிரியாணிச் செலவில் ஒரு வக்கீலை உருவாக்கிவிடலாம். அவன் ஏறிய பிறகு அடுத்தவனுக்குக் கை கொடுக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனையாக இருக்கட்டும். எங்கள் மஹல்லாவில் அந்த நள்ளிரவுக்குப் பிறகு இதைத் தொடங்கினோம். இன்று ஒரு பையனும் ஒரு பெண்ணும் சட்டக் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ். பையன் யார் என்று கேட்பீர்கள். அன்று காவல் நிலையத்தில் உட்கார்ந்திருந்தவனின் தம்பி!

அவன் வக்கீலாகி வரும் நாளில் நம்மவர் எதிரே நின்றாலும், நம்மை வெறுப்பவரே எதிரே நின்றாலும், நியாயம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நிற்கக் கூடியவனாக அல்லாஹ் அவனை ஆக்கி வைப்பானாக. அவனுக்காக நீங்களும் துஆ செய்யுங்கள். உங்கள் மஹல்லாவின் பிள்ளை யார் என்பதை வரும் ஜும்ஆவுக்குள் முடிவு செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.